கோவிந்தசாமி கழற்றிப்போட்ட பித்தளைக் குப்பி

மங்களம் இரண்டாவது முறையும் கார் டெஸ்டில் ஃபெயிலான செய்தி அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் சிராங்கூன் ரோட்டில் பாதித் தூரம் பரவியிருந்தது. பரப்பியவர் அவளுடைய எதிரி இல்லை. தாலி கட்டிய கணவர் கோவிந்தசாமிதான். மனைவியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைப் பட்டறையில் நிறுத்திவிட்டு, நேரே ஒலி முகம்மதுவின் சரபத் கடைக்குப் போய் உட்கார்ந்தார். கேட்க நாலு பேர் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும் வித்தை மட்டும் அவருக்குக் கைவரவே இல்லை.

"என்ன மெக்கானிக்கே, வீட்டு அம்மா பாஸா?" இஞ்சி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார் ஒலி முகம்மது.

"எங்க லா பாஸ்? மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொன்னா, வண்டி அப்படியே செத்துப் போச்சு. நான் உட்கார்ந்தா குதிரை மாதிரி ஓடுற வண்டி, அவ உட்கார்ந்தா மயக்கம் போட்டு விழுது. பிரசவம் பாக்க வந்திருக்காங்கன்னு பயந்துக்குச்சோ என்னமோ!"

கடையே சிரித்தது. கோவிந்தசாமியும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. முதுகு வளைந்த வோக்ஸ்வேகன் கார்களுக்கென்றே அவரைத் தேடி ஊரின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மற்ற கார்களின் எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் ஓடும். இந்தக் காரில் தண்ணீரே கிடையாது. எஞ்சின் பின்பக்கம் இருக்கும். ஒரு காற்றாடி ஊதும் காற்றிலேயே அதன் சூடு தணிய வேண்டும். அந்த மாதிரி எஞ்சினின் நாடி தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவரின் மனைவி இரண்டு தடவை தோற்றால், குற்றம் வண்டியில் இருக்க முடியாது அல்லவா? அவர் கணக்கு அப்படி.

மங்களத்துக்கு அது சிரிப்பு விஷயமாக இல்லை. பதினான்கு வருஷமாக அரசாங்க மருத்துவச்சி அவள். ஜூரோங்கில் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்சாலைகள் கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தப் பக்கத்தில் கம்பம் என்று சொல்லும் சிற்றூர்களுக்குத் தானே கார் ஓட்டிக்கொண்டு போகக்கூடிய மருத்துவச்சி ஒருத்தி வேண்டும் என்று அவள் பெயரை எழுதியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் லைசன்ஸைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். கடைசி டெஸ்ட் வரும் வெள்ளிக்கிழமை.

போன வருஷம் ஜூரோங்கில் ஒரு கம்பத்திலிருந்து ஆள் வந்து அழைத்தபோது, பஸ் பிடித்து, இறங்கி, சேற்றில் இரண்டு மைல் நடந்துபோய்ச் சேர்ந்தாள். அவள் போவதற்குள் குழந்தை வந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரி காய் நறுக்கும் கத்தியால் கொடியை அறுத்திருந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அம்மன் புண்ணியம். "ஒவ்வொரு தடவையும் அம்மனையே அனுப்பிக்கிட்டு இருக்க முடியாதுங்க. நானும் கொஞ்சம் போகணும்" என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னவள், மறுநாளே கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள்.

கோவிந்தசாமியும் தன்னால் ஆனதைச் செய்யாமல் இல்லை. முதல் தடவை தோற்றதும் வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்து, "தாயே, இவ கையைக் கொஞ்சம் திருத்திக் கொடு" என்று மனமுருக வேண்டிக்கொண்டார். இரண்டாவது தடவையும் தோற்றதும், தேங்காய் சின்னதாகப் போய்விட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் மங்களத்தை ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அங்கிருந்து அவள் பஸ் ஏறிப் போவாள். வண்டி நின்றதும் அவள் இறங்கவில்லை.

"பதினொண்ணு" என்றாள்.

"என்னது பதினொண்ணு?"

"வீட்டிலேருந்து இங்க வர்றதுக்குள்ள அந்தச் சோக் குமிழைப் பதினொரு தடவை இழுத்தீங்க, தள்ளுனீங்க. எனக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க? ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு தடவை இழு, ஒரு நிமிஷத்துல உள்ள தள்ளிடுன்னு. சொன்னபடி தள்ளுனேன். வண்டி நின்னுருச்சு."

கோவிந்தசாமி தன் இடது கையைப் பார்த்தார். தனக்குத் தெரியாமல் திருடிவிட்டு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"காலையில வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணத்தான் செய்யும். சோக்கை இழுத்துக் கொஞ்சம் பெட்ரோல் கூடக் கொடுத்து நாமதான் பக்குவமா கொண்டுபோகணும்."

"அதான் கேக்கறேன். சாயங்காலம் நான் பழகும்போது ஒரு தடவைகூட நின்னதில்லை. நாளெல்லாம் நீங்க ஓட்டிட்டுக் கொடுத்த வண்டி அது. டெஸ்ட் காலையில. அதுவும் வரிசையில ரெண்டு மணி நேரம் சும்மா நிறுத்தி வச்சு, ஆறிப்போன பின்னாடி. கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்."

"உனக்கு என்ன புரியும்?"

"புரியலைன்னா சிரிச்சுக்கங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருதே."

கோவிந்தசாமி பின்பக்க மூடியைத் தூக்கினார். மங்களம் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் கையால் தெரிந்துகொள்வது அவள் தொழில். காற்றாடியை மூடியிருந்த தகட்டுப் பெட்டியின் மறுபக்கம் விரலை விட்டுத் தடவினாள்.

"இங்க ஒரு வளையம் இருக்கு. அதைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கு. உடைஞ்சு போச்சா?"

"உடையலை. நான்தான் கட்டினேன்" என்றார் கோவிந்தசாமி. அவர் குரலில் பெருமை ஏறியது. "காத்து உள்ள போற வாயை அந்த வளையம் மூடும், திறக்கும். கீழே சிலிண்டருக்கு அடியில தெர்மோஸ்டாட்னு ஒரு பித்தளைக் குப்பி இருக்கும். ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா. எஞ்சின் ஆறியிருந்தா அது சுருங்கும், வளையம் மூடிக்கும். சூடு ஏறினா குப்பி நீளும், வளையம் திறக்கும். குளிர் நாட்டுக்காரன் அவன் ஊர்ப் பனிக்காக வச்சது. நம்ம ஊர் வெயில்ல காத்தை மறிச்சா எஞ்சின் என்னத்துக்கு ஆகும்? பாவம், வெந்து போயிடாது? அதான் குப்பியைக் கழட்டிப் போட்டுட்டு, வளையம் எப்பவும் திறந்தே இருக்கட்டும்னு கட்டிட்டேன். நம்ம வண்டிக்கு மட்டுமில்லை, இங்க வர்ற எல்லா வண்டிக்கும் சும்மாவே செஞ்சு கொடுக்கறேன். ஒரு தர்மம்."

மங்களம் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"பிறந்த குழந்தையை முதல்ல என்ன பண்ணுவோம், தெரியுமா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"துணியில சுத்துவோம். அந்த அறையில எனக்கு வேர்த்துக் கொட்டும். அது மட்டும் நடுங்கும். ஊர்ச் சூடு அதுக்குப் பத்தாது, தன் சூடு வரணும். வந்த பின்னாடி துணியைத் தளர்த்தலாம், காத்தும் படலாம். எல்லா வீட்டிலயும் ஒரு அப்பன் இருப்பான். குழந்தை பிறந்த சத்தம் கேட்டதும், ஐயோ வேர்க்குமேன்னு விசிறியைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவான். ரொம்ப நல்லவன். அவனைத்தான் நாங்க முதல்ல வெளியே அனுப்புவோம்."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

கோவிந்தசாமிக்குக் கோபம் வந்தது. எத்தனையோ வண்டி பார்த்தவனுக்குப் பிரசவம் பார்க்கிறவள் பாடம் சொல்வதா? கோபத்தோடு சும்மா நிற்பானேன் என்று எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறம் தயிர் ஏடு படிந்ததுபோல் வெளிறிய பசை. தொட்டுப் பார்த்தார். எஞ்சினுக்குள் சேரும் ஈரம், சூடு ஏறியிருந்தால் காய்ந்து போயிருக்கும். சூடு ஏறாததால் எண்ணெயோடு கலந்து இப்படித் திரண்டிருக்கிறது.

இந்தப் பசையை அவர் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறார். பாலகிருஷ்ணன் வாத்தியாரின் வண்டியில் பார்த்தார். வாத்தியார் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கும் தவிர வேறெங்கும் போகாதவர். "எண்ணெய் மட்டமான சரக்கு சார், மாத்துங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். தொலைவாக ஜொகூர் வரை ஓடுகிற வண்டிகளில் பசை இல்லை. அவற்றுக்கு வழியில் எப்படியோ சூடு ஏறிவிடுகிறது. பத்து நிமிஷம் ஓடி, நின்று, மறுபடி பத்து நிமிஷம் ஓடுகிற வண்டிகள்தான் காலையில் இருமின, பெட்ரோலைக் குடித்தன, முக்கில் நின்றன. எல்லாம் அவர் தர்மம் வாங்கிய வண்டிகள்.

கோவிந்தசாமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையில் விசிறி ஒன்றுதான் இல்லை.

சுங்கை ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருந்த நூருல் அமீன், அவரைக் கண்டதும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பாய், வோக்ஸ்வேகன் தெர்மோஸ்டாட் ஒண்ணு வேணும்" என்றார் கோவிந்தசாமி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"கேட்டது காதுல சரியா விழலை தம்பி. நீங்களா கேக்கறீங்க?"

"ஒரு கஸ்டமருக்கு."

"கஸ்டமர் பேரு?"

கோவிந்தசாமி தொண்டையைச் செருமினார். "மங்களம்."

நூருல் அமீன் உள்ளே போய் ஒரு பெரிய பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே குப்பிகள். ஒவ்வொன்றும் தமிழ்ப் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி, எண்ணெய் தடவி வைத்திருந்தது. பழைய பித்தளை என்று மாதா மாதம் கோவிந்தசாமி கொண்டுவந்து போட்டவைதான் அத்தனையும்.

"நீங்க இதை உருக்கலையா?"

"மனசு வரலை. யாரோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து இவ்வளவு நுணுக்கமா மடிப்பு மடிச்சிருக்கான். காரணம் இல்லாம ஒருத்தன் இப்படி மெனக்கெட மாட்டான். அந்தக் காரணம் எனக்குத் தெரியாது. தெரியாததை நெருப்புல போட நான் யாரு? என்னைக்காவது ஒருத்தர் தேடி வருவாருன்னு வச்சிருந்தேன். நீங்களே வருவீங்கன்னு அல்லாஹ் மேல சத்தியமா நான் நினைக்கலை."

"விலை?"

"காசெல்லாம் வேண்டாம். நேத்து ஒலி முகம்மது கடையில மூணாவது பெஞ்சுல நான் உட்கார்ந்திருந்தேன். நீங்க பார்க்கலை. தங்கச்சியைப் பத்தி நீங்க சொன்னதுக்கு நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போனதும் அது ஒரு மாதிரியா இருந்துச்சு. என் பேத்தியைக் கையில வாங்குனவங்க லா அவங்க. அதே பெஞ்சு, அதே ஆளுங்க. நடந்ததை அங்க சொல்லிடுங்க. அதான் விலை." பேப்பர் பொட்டலங்களில் மூன்றை எடுத்து நீட்டினார். "எதுக்கு உசிர் இருக்குன்னு எனக்குத் தெரியாது. மூணையும் கொண்டுபோங்க."

சாயங்காலம் மங்களம் வீட்டுக்குள் நுழைந்தபோது, அடுப்பங்கரையில் கணவர் வேர்த்து வழிய நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

"ஐயையோ! அது நான் கொடி அறுக்கிற கத்தரிக்கோலை வேகவைக்கிற எனாமல் தட்டு! அதுல என்ன எண்ணெய் மிதக்குது?"

"புதுசு வாங்கித் தர்றேன். சத்தம் போடாதே. இதைப் பாரு."

மேசைமேல் மூன்று குப்பிகளை வரிசையாக வைத்திருந்தார். இரண்டு குட்டையாகச் சுருங்கி இருந்தன. ஒன்று மட்டும் ஆறியிருக்கும்போதே நீண்டு கிடந்தது. சுருங்கியிருந்த ஒன்றை இடுக்கியால் எடுத்து வெந்நீரில் விட்டார். கொஞ்ச நேரம் அது அசையவில்லை. பிறகு, தூங்கி எழுந்த குழந்தை சோம்பல் முறிப்பதுபோல, மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்து நீண்டது. வெளியே எடுத்து வைத்ததும் மெதுவாகச் சுருங்கிப் பழையபடி உட்கார்ந்துகொண்டது.

மங்களம் தட்டை மறந்துவிட்டுப் பார்த்தாள். "அப்ப இது ஏன் நீண்டே கிடக்குது?"

"அது செத்துப் போச்சு. எங்கேயோ ஓட்டை விழுந்து உள்ளே இருந்த ஆவி போயிருச்சு." கோவிந்தசாமி அதைக் கையில் எடுத்தார். "கெட்டுப்போனா வளையம் மூடிக்கிட்டு எஞ்சினை எரிச்சிடும்னுதான் நான் பயந்தேன். ஆனா பாரு, கெட்டுப்போனா இது நீண்டுதான் நிக்குது. வளையம் திறந்தே இருக்கும். தான் செத்தாலும் வண்டி சாகக் கூடாதுன்னு செஞ்சவன் யோசிச்சு வச்சிருக்கான். நான் அதைக்கூட யோசிக்கலை." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரெண்டு தடவையும் ஃபெயிலானது நீ இல்லை, மங்களம். நான்தான்."

அவள் பையைக் கீழே வைத்தாள். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஒரு குழந்தையைத் தூக்கும்போது என் கையையே பார்த்தேன். நடுங்குதான்னு. பதினாலு வருஷத்துல அப்படிப் பார்த்ததே இல்லைங்க" என்றாள்.

கோவிந்தசாமிக்குத் தேங்காய் உடைத்தது நினைவுக்கு வந்தது. இவ கையைத் திருத்து என்று அவர் கேட்டார். தாய் நல்லவேளையாக அந்த விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டாள். இல்லாத குற்றத்தை ஒருவர் தலையில் வைத்துவிட்டு, அதை எடுத்துவிடும்படி கடவுளை வேண்டுகிற பக்தர்கள் உலகத்தில் நிறையப் பேர். அவளும் பாவம், எத்தனை மனுக்களைத்தான் திருப்பி அனுப்புவாள்!

"நல்ல கை, மங்களம். அதுதானே கம்பியைக் கண்டுபிடிச்சுது" என்றார். 

"சரி, அந்தக் கைக்கு ஒரு கோப்பி கலந்து கொடுங்க" என்றாள் மங்களம். "வேற பாத்திரத்துல."

மறுநாள் சரபத் கடையில் கூட்டம் நிறைந்த நேரம் பார்த்துக் கோவிந்தசாமி எழுந்து நின்றார். மூன்றாவது பெஞ்சில் நூருல் அமீன் டீக் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் தப்பு. வண்டி நின்னதுக்குக் காரணம் என் வேலை. தெர்மோஸ்டாட்டை நான்தான் கழட்டுனேன். கண்டுபிடிச்சது என் வீட்டு அம்மா."

ஒலி முகம்மது டீ ஆற்றுவதை நிறுத்தினார். அப்புறம் கிளம்பிய சிரிப்பு, அன்றைய சிரிப்பைவிட இரண்டு பங்கு.

"அப்ப பட்டறையை அவங்க கிட்ட விட்டுட்டு நீங்க பிரசவம் பாக்கப் போங்க லா!" என்றார் ஒலி முகம்மது.

"கொஞ்சம் இருங்க" என்று மூலையிலிருந்து பாலகிருஷ்ணன் வாத்தியார் எழுந்தார். "என் வண்டிக்கும் ஏதோ தர்மம் பண்ணீங்களே?"

"நாளைக்கே கொண்டாங்க சார். திருப்பி மாட்டிடறேன். எல்லார் வண்டியும் கொண்டாங்க."

நூருல் அமீன் டின்னைப் பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்து மேலே வைத்தார். கையோடு கொண்டே வந்திருந்தார் மனிதர்.

வெள்ளிக்கிழமை காலை தூறலோடு விடிந்தது. அதற்குள் கம்பியை வெட்டி, உசிருள்ள குப்பி ஒன்றைத் தன் வண்டியில் மாட்டியிருந்தார் கோவிந்தசாமி. போகிற வழியில் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கிக் கைகூப்பினார். போன தடவை சொன்னதைச் சின்னத் திருத்தத்தோடு சொன்னார்: "தாயே, என் கையைத் திருத்திக் கொடு." தேங்காய் கொஞ்சம் பெரியதுதான்.

டெஸ்ட் எடுக்கும் இடத்தில் இரண்டு மணி நேரக் காத்திருப்பு. மழை வலுத்தது. எஞ்சின் நன்றாக ஆறிப்போயிருக்கும் என்று கோவிந்தசாமிக்குத் தெரியும். மங்களத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அவள் சோக்கை ஒரு தடவை இழுத்தாள். வண்டி கிளம்பியது. ஒரு நிமிஷத்தில் உள்ளே தள்ளினாள்.

மேடு கட்டடத்துக்குப் பின்பக்கம் இருந்ததால், தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்ற கோவிந்தசாமிக்கு எதுவும் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எஞ்சின் சத்தம் மேட்டடிவரை போனது. நின்றது. இல்லை, வண்டிதான் நின்றது. எஞ்சின் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகல் எந்த நொடியிலும் அறுந்துவிடுமென்று பற்களைக் கடித்தார். அவருடைய இடது கை காற்றில் இல்லாத ஒரு குமிழைத் தேடிப் பிடித்து இழுத்தது. பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார்.

சத்தம் உயர்ந்தது. ஒரே சீராக உயர்ந்து, மேடு ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

இருபது நிமிஷம் கழித்து வண்டி திரும்பி வந்தது. அதிகாரி ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு மழைக்குள் ஓடினார். மங்களம் இறங்கினாள். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

"என்ன ஆச்சு, மங்களம்?"

"பின்னாடி திறங்க."

கோவிந்தசாமி மழையிலேயே வண்டியின் பின்பக்கம் ஓடினார். மூடியைத் தூக்கி, தகட்டுப் பெட்டியின் மறுபக்கம் விரலை விட்டார். சூடு தாக்கியது. பொறுத்துக்கொண்டு தடவினார்.

"வளையம் திறந்திருக்கா?"

"திறந்திருக்கு. ரெண்டு விரல் அளவுக்கு."

"யாராவது கம்பி போட்டுக் கட்டுனாங்களா?"

"இல்லை. தானாத்தான்."

"நானும் அப்படித்தான்" என்று மங்களம் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். பாஸ்.

கோவிந்தசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. மழையைச் சாக்கு வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"எங்க போறீங்க? அந்தப் பக்கம்" என்றாள் மங்களம்.

சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்தார். வண்டி சாலைக்கு வந்து, வீட்டுக்குத் திரும்பும் பக்கம் திரும்பாமல் மேற்கே திரும்பியது.

"வீட்டுக்குப் போகலையா?"

"ஜூரோங்குக்கு. மழை நாள்லதான் வழி பாத்து வச்சுக்கணும்."

ஒரு வளைவில் எஞ்சின் லேசாகக் குரல் மாறியதுபோல் இருந்தது. கோவிந்தசாமியின் கை, அவரைக் கேட்காமலே, சோக் குமிழை நோக்கி மெல்ல ஊர்ந்தது.

"கை" என்றாள் மங்களம், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் அதை எடுத்து மடிமேல் வைத்து, மற்றக் கையால் பத்திரமாக மூடிக்கொண்டார்.